பாமாவுக்கு ஒரு கார்டியன்

எதுக்குங்க தம்பி எந்திரிச்சீங்க? இல்ல, சும்மாதான் கேக்கறேன். நாங்க ஏறினதும் நீங்களா எந்திரிச்சு ஜன்னலோரத்தை எங்க பாமாவுக்கு உட்டுக் குடுத்தீங்களே, அதான். நாங்க கேக்கவே இல்லீங்களே. திருப்பூருல ஏறி ஜன்னலோரம் புடிச்சவன் எவனும் தாராபுரம் வரைக்கும் அசைய மாட்டான். இந்த லைன்லயே செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவனுங்க நான். எனக்குத் தெரியாதுங்களா?

கோவிச்சுக்காதீங்க. கேக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. தாராபுரத்துல எந்தப் பக்கம்? சரி. யாரு ஊடு? சரி சரி.

சர்வீசுல நான் கண்டுக்கிட்ட ஒரு விசயம் சொல்றேன், கேட்டுக்குங்க. டிக்கெட் எடுத்தவன் நம்மளைப் பாத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். டிக்கெட் எடுக்காதவன்தான் சிரிப்பான். "வாங்க சார், உக்காருங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க"ம்பான். காரணமில்லாம ஒருத்தன் நல்லவனா இருந்தா நான் மொதல்ல அவன் டிக்கெட்டைத்தான் கேப்பேன். உங்களைச் சொல்லல தம்பி. உங்க டிக்கெட்டைத்தான் சட்டைப் பையில பாத்துட்டனே.

என்ற மக பாமாவைப் பாக்கறீங்க. கேட்டுருங்க, பரவால்ல. பொறந்ததுலருந்தே இப்படித்தான். டவுன் சிண்ட்ரோம்னு டாக்டருக சொல்லுவாங்க. வயசு முப்பத்தாறாச்சு. பேசுவா, பழகினவங்களுக்குப் புரியும். தானாச் சோறு தின்னுக்குவா, துணி மடிச்சு வெப்பா, டீவியில சமையல் பாத்தா அசைய மாட்டா. ஆனா தனியா உட முடியாதுங்க. அடுப்பைப் பத்த வெச்சா அணைக்க மறந்துருவா. ரோட்டுல யாரு சிரிச்சாலும் இவளும் சிரிச்சுப் போடுவா. எனக்கு இருக்கற சந்தேகத்துல கால்வாசியாச்சும் ஆண்டவன் இவளுக்கு வெச்சிருக்கலாம். வெக்கல.

நான் போய்ச் சேந்துட்டா இவளை யாரு பாப்பாங்க? இதாங்க கேள்வி. எனக்கு வேற கேள்வியே கெடையாது. காலைல பல்லு வெளக்கறப்பவும் இதான், படுக்கறப்பவும் இதான். வேற கொழந்தையும் இல்லீங்க எங்களுக்கு. என்ற சம்சாரம் பாவாயி இருந்த வரைக்கும் நான் அவளுக்கு முந்தியே போயிருவேன், அவ பாத்துக்குவான்னு நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சேன். போன வருசத்துக்கு முந்தின வருசம், ஆடியில, கேஸ் அடுப்பைத் தொடச்சுட்டே இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. நான் வரிசையில நின்னுட்டு இருந்தேன், அவ பொறத்தால வந்து முந்திட்டா பாருங்க.

அதுக்கப்புறந்தான் ருக்குமணி வர ஆரம்பிச்சா. என்ற மச்சினன் தங்கமுத்து இருக்கானே, பாவாயிக்குத் தம்பி, அவன் சம்சாரம். இந்த ரோட்டுலதான் எல்லப்பாளையம், பிரிவுல எறங்கி நடந்தா அவிக தோட்டம். வாரம் தவறாம பஸ் ஏறி எங்கூட்டுக்கு வந்துருவா. பாமாவுக்குத் தலைக்கு ஊத்துவா, துணி அலசுவா. பொம்பளைப் புள்ளைக்கு மாசாமாசம் வர்ற சங்கதி, அப்பன் என்னங்க பண்ண முடியும்? அதையெல்லாம் அவதான் பாத்தா. நான் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல.

ஆனா ரோசனை வருமில்லீங்க? அவளுக்குத் தோட்டத்துல மாடு இருக்குது, மாமியா படுத்த படுக்கையா இருக்குது, ரெண்டு பசங்க இருக்கறானுக. அத்தனையும் உட்டுப்போட்டு எதுக்கு பஸ் ஏறி வாரா? ஒருநாளு போறப்ப வாசல்ல நின்னு, "அண்ணா, வடக்குச் செவுத்துல விரிசல் உட்டிருக்குது பாருங்க, மழை வாரதுக்குள்ள பூசிருங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னுது. என்ற ஊட்டுச் செவுத்து மேல அவளுக்கு என்ன அக்கறை?

அப்பத்தான் பழசெல்லாம் நெனப்பு வருது. பாமா வயசுக்கு வந்தப்ப, இந்தப் புள்ளைக்கு எதுக்குச் சீரு, வெளிய தெரியாம முடிச்சுக்கலாம்னு எங்க சொந்தமே சொல்லுச்சு. நானே அப்படித்தான் நெனச்சேன். இந்த ருக்குமணி அன்னிக்கு, கல்யாணமாகி வந்த புதுசு, "எங்க நாத்தனாரு புள்ளைக்கு மாமன் சீரு இல்லாம எப்படி?"ன்னு தட்டு வரிசையோட, பட்டுச் சேலையோட, மேளத்தோட வந்து எறங்கிட்டா. பாவாயி அழுதா பாருங்க, அன்னிக்கு அழுதவ ரெண்டு நாளு ஓயல. இப்ப உக்காந்து ரோசிச்சா வெளங்குது. அப்பவே திட்டம் போட்டிருக்கா. இருவது வருசத்துக்கு முந்தியே! எம்மாங் காரியக்காரி!

சிரிக்காதீங்க தம்பி. நீங்க சின்ன வயசு.

சரின்னு தாராபுரத்துல ஒரு வக்கீலம்மாகிட்டப் போனேன். ஊடும், அதை ஒட்டின ரெண்டு கடையும், நான் சேத்ததுதான். பாமா பேருக்கே எழுதிரலாம்னேன். "நேரா அவங்க பேருக்கு எழுதாதீங்க சார். வாடகை ஒப்பந்தம் போடணும், பேங்குக்குப் போகணும், அதெல்லாம் அவங்களால ஆகாது. கூட இருக்கறவங்க கையப் புடிச்சு எதுல வேணாலும் கைநாட்டு வாங்கிக்குவாங்க"ன்னாங்க. அப்படின்னா மச்சினன் பேருக்கு எழுதி, பாத்துக்கப்பான்னு சொல்லிரலாமான்னேன், ஆழம் பாக்கறதுக்கு. "அவரு நல்லவராவே இருக்கட்டும் சார். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா சொத்து அவரு பசங்களுக்குப் போயிரும். பாமா எங்க போவாங்க?"ன்னாங்க. எனக்கு அந்தம்மாவை அப்பவே புடிச்சுப் போச்சு. நமக்கு மேல சந்தேகப்படறாங்களே!

டிரஸ்ட்டுன்னு ஒண்ணு சொன்னாங்க. ஊடு, கடை எல்லாம் டிரஸ்ட்டுக்குள்ள போயிரும். விக்க முடியாது. வாடகை வந்து பாமாவுக்குச் செலவாகும். அவ காலத்துக்கப்புறம் யாருக்குன்னும் இப்பவே எழுதிரலாம். சொத்தைப் பாக்கறவங்க வேற, ஆளைப் பாக்கறவங்க வேற. ஆளைப் பாக்கறவங்களைக் கார்டியன்னு கலெக்டர் ஆபீசுல ஒரு கமிட்டி இருக்குது, அவங்க விசாரிச்சு நியமிப்பாங்களாம். பதினெட்டு வயசு தாண்டிருச்சுன்னா பெத்த அப்பனே ஆனாலும் அங்க போய்த்தான் எழுதி வாங்கணுமாம். பெத்தவனையே செக் பண்றாங்க! அதுவும் எனக்குப் புடிச்சுது.

"டிரைவர் வேற கண்டக்டர் வேறங்கறீங்க. அப்பச் செக்கிங் யாருங்கம்மா?"ன்னேன். வக்கீலம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "ராக்கியப்பன் சார், செக்கிங்குக்கு எத்தனை ஆளு வேணாலும் போடலாம். மொதல்ல பஸ்ஸை ஓட்டறதுக்கு ஒருத்தர் வேணுமே"ன்னாங்க.

நான் உடலீங்க. உக்காந்து கண்டிசன் போட்டேன். கார்டியன் ஆகறவங்க சோப்பு, எண்ணெய், பவுடரு, எது வாங்கினாலும் பில்லு வெக்கணும். பாமாவை மாசாமாசம் எடை போட்டுக் காட்டணும். சொல்லாமக் கொள்ளாம ஒரு ஆளு வந்து சோதனை போடுவாரு, எந்நேரமானாலும் கதவைத் தொறக்கணும். கார்டியனோட சொந்தக்காரங்க அந்த ஊட்டுல தங்கப்படாது. இன்னும் நெறைய இருக்குதுங்க. வக்கீலம்மா படிச்சுப் பாத்துட்டு, "இதுல எந்த மனுசன் சார் கையெழுத்துப் போடுவான்?"ன்னாங்க. யோக்கியன் போடுவான்னேன்.

பாவாயிக்கு வருச திதி வந்துச்சு. ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் சாப்புட்டு உக்காந்திருந்தாங்க. இதான் சமயம்னு எடுத்துப் படிச்சேன். ஒவ்வொரு கண்டிசனையும் படிச்சு, நிறுத்தி, மூஞ்சி மூஞ்சியாப் பாத்தேன். பஸ்ஸுக்குள்ள ஏறினதும் அப்படித்தான் பாப்போம். எவன் கண்ணைத் திருப்பறானோ அவன்தான் ஆளு. சோப்புக்கு பில்லுங்கற எடம் வந்தப்ப நான் ருக்குமணியைத்தான் பாத்தேன். மறைக்கலீங்க, நேராவே பாத்தேன். அவ பாமாவுக்குப் பாயசம் ஊட்டிட்டு இருந்தா. ஊட்டி முடிச்சா. அவ வாயைத் தொடச்சு உட்டா. எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு வந்து, "அண்ணா, இதுவரைக்கும் வாங்கின சோப்புக்கெல்லாம் எங்கிட்ட பில்லு இல்லீங்களே"ன்னா. அவ்வளவுதான். சத்தம் கூடப் போடல. பையை எடுத்துட்டு எறங்கிப் போயிட்டா.

தங்கமுத்துதான் நின்னு, "மச்சான், எங்கக்கா இருந்திருந்தா இந்தப் பேச்சு எங்க காதுல உழுந்திருக்காது"ன்னு சொல்லிட்டுப் போனான். அவனுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. வெங்காயம் உரிச்சவன் கண்ணும் கலங்கத்தான் செய்யும்.

அதோட சரி. அவ வர்றது நின்னு போச்சு. பாத்தீங்களா? சொத்து கைக்கு வராதுன்னு தெரிஞ்சதும் காலு நின்னு போச்சு! நான் அன்னிக்கே சொன்னேன். யாருகிட்டச் சொன்னேன்? யாருகிட்டயும் சொல்லல, எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். ஆனா நின்னது அவ மட்டும் இல்லீங்க. எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் தீவாளிக்கு வந்து எட்டிப் பாப்பான், அவனும் வரல. வந்தா சொத்துக்கு வர்றான்னு பேராயிருமாம், யாரோ வந்து சொன்னாங்க. மடியில கனம் இல்லாதவன் எதுக்குப் பயப்படறான், நீங்களே சொல்லுங்க.

காப்பகங்களுக்கும் போனேன். சொல்லாமப் போனேன். ஒண்ணுல நாத்தம் தாங்கல. இன்னொண்ணு பளபளன்னு இருந்துச்சு, ஆயாம்மா வரைக்கும் எல்லாரும் சிரிச்ச மூஞ்சி. அதுல எனக்குச் சுத்தமா நம்பிக்கை வரல. திரும்பிட்டேன்.

கடைசியில என்கூட செக்கிங்கா இருந்த நாச்சிமுத்துவைப் புடிச்சேன். சொந்த மாமனாருக்கே அபராதம் போட்டவனுங்க அவன். அவ்வளவு யோக்கியன். கண்டிசன் அத்தனையும் படிச்சுப் பாத்துட்டு, "இன்னும் ரெண்டு சேக்கலாமே"ன்னான். அவனுக்கும் என்ற வயசுதான், சக்கரையும் இருக்குது. பாமாவை அவன் பாத்ததே கல்யாணம் காட்சியிலதான். இருந்தாலும் என்ன, கணக்குல ஒரு புள்ளி பெசகாது.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. சொல்லலாமா வேண்டாமா? சொல்றேன். நீங்க யாரோ நான் யாரோ.

வாரத்துல ஒருநாளு பென்சன் சங்கத்துக் கூட்டத்துக்குப் போவேன். பாமாகிட்ட, உள்தாழ் போட்டுக்க சாமி, யாரு தட்டினாலும் தொறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போவேன். அவளும் தொறக்கறதில்லை, சிலிண்டர்காரன் தட்டிட்டுத் திட்டிட்டே திரும்பிப் போறான். ஒருநாளு நான் திரும்பி வந்தா இவளுக்கு ரெட்டைச் சடை போட்டிருக்குது. எனக்குச் சடை போட வராதுங்க. சுருட்டி ஒரு ரப்பர் மாட்டி உடுவேன். "யாரு கண்ணு போட்டது?"ன்னா சிரிக்கறா. சொல்ல மாட்டேங்கறா! முப்பத்தாறு வருசத்துல மொத தடவையா எங்கிட்ட ஒண்ணை மறைக்கறா.

உட்டுருவனா? அடுத்த வாரம் சங்கத்துக்குப் போறேன்னு கெளம்பி, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய், பொறவாசல் சந்து வழியாத் திரும்பி வந்தேன். ஜன்னல் தொறந்து இருந்துச்சு. ருக்குமணி கீழ உக்காந்து, பாமா காலைத் தூக்கி மடியில வெச்சு, கால் நகம் வெட்டிட்டு இருக்கறா.

கால் நகம் வெட்ட உட மாட்டாளுங்க இவ. பாவாயி போனதுக்கப்புறம் நான் நகவெட்டியைக் காட்டினாலே தெருவே கூடற மாதிரிக் கத்துவா. ஒரு தடவை சதையில பட்டு ரத்தம் வந்துருச்சு, அன்னிக்கு நானும் அழுதேன். இங்க என்னடான்னா கூசுதுன்னு கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டு இருக்கறா. "ஆடாத தங்கம், இன்னும் சுண்டு விரலு ஒண்ணுதான்"ன்னு அவ சொல்லிட்டு இருக்கறா.

உள்ள போய்க் கையும் களவுமாப் புடிச்சிருக்கலாம். போகலீங்க. ஏன் போகலைன்னு எனக்கே தெரியல. நல்ல வெயிலு, பக்கத்தூட்டுச் செவுத்தோரமா அவ கெளம்பற வரைக்கும் நின்னேன். அப்புறம் உள்ள போய் பீரோவைத் தொறந்து பாவாயி நகையெல்லாம் எடுத்து வெச்சுப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. பத்திரமெல்லாம் சரியா இருந்துச்சு. போதாக்கொறைக்கு டப்பாவுல முறுக்கு வேற போட்டு வெச்சிருக்கா. எடுத்துட்டுப் போறவங்களை நான் ஆயிரம் பேரு பாத்திருக்கேன். யாருக்கும் தெரியாம வந்து வெச்சுட்டுப் போறவளை என்னன்னு எடுத்துக்கறது? அதுல பெருசா என்னமோ இருக்கணும்.

சரி, நோட்டம் பாப்போம்னு அடுத்த வாரமும் சங்கத்துக்குப் போனேன். கூட்டம் இல்லாத வாரமும் போனேன். டீக்கடையில உக்காந்துட்டு நேரங்கழிச்சு வருவேன். ஏன்னு கேக்காதீங்க. நகம் வளருதில்லீங்களா?

இன்னிக்குத்தான் கமிட்டி. அதுக்குத்தான் திருப்பூரு போயிட்டு வாரோம். நல்ல மரியாதையா உக்கார வெச்சாங்க. ஒரு ஆபீசரம்மா, ஒரு டாக்டரு, இன்னும் ரெண்டு பேரு. நாச்சிமுத்து வெள்ளை வேட்டி சட்டையில மீசையை முறுக்கிட்டு வந்திருந்தான். அந்தம்மா அவனைப் பாத்து, "பாமாவுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?"னு கேட்டாங்க. "கேட்டு எழுதிக்கறேனுங்க"ன்னான். சரியான பதிலுதானே? தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தானே தப்பு. அப்புறம் பாமாகிட்ட, "இவரு யாரும்மா?"ன்னாங்க. இவ அவன் மீசையைப் பாத்துட்டு "போலீசு"ன்னுட்டா. அந்த டாக்டரு சிரிச்சுட்டாரு.

"நீ யாருகூட இருக்கணும் பாமா?"

"அப்பாகூட"ன்னா. பட்டுன்னு சொன்னா தம்பி, ரோசிக்கவே இல்ல. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

"அப்பா இல்லைன்னா?"

"ருக்கு அத்தைகூட."

அந்தம்மா தாளைப் பொரட்டிப் பாக்கறாங்க, அதுல அந்தப் பேரே இல்ல. "அத்தை வீட்டுக்கு வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. இவ என்னைப் பாத்தா. அப்புறம் அந்தம்மா பக்கம் குனிஞ்சு, ரகசியம் சொல்ற மாதிரி, ஆனா எல்லாருக்கும் கேக்குது, "சொல்ல மாட்டேன். சொன்னா அப்பா அத்தையத் திட்டும். அத்தை வராது"ங்கறா.

பாத்தீங்களா? பாத்தீங்களா எப்படிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கா! கலெக்டர் ஆபீசுல வந்து சொல்ற அளவுக்கு!

ஆபீசரம்மா அந்தப் பேரைத் தாளுல எழுதிக்கிட்டாங்க. "ஐயா, அந்த அத்தைக்குச் சம்மதம்னா அவங்களைக் கூட்டிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. கார்டியன்ங்கறது அவங்களா மனசு ஒப்பிக் கையெழுத்துப் போடணும். நாங்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது"ன்னு அனுப்பிச்சுட்டாங்க. வெளிய வந்ததும் இந்த நாச்சிமுத்து சொல்றான், "ராக்கி, எனக்கே அந்தப் பொம்பளை மேல சந்தேகம் வரலடா"ன்னு. அவனைச் சேந்தவங்க யாராச்சும் எல்லப்பாளையத்துல இருக்கறாங்களான்னு விசாரிக்கணும்.

நான் எல்லப்பாளையத்துல எல்லாம் எறங்கலீங்க. தாராபுரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், எனக்கும் இவளுக்கும். ஊட்டுக்குப் போய் ரோசிச்சுக்கலாம். அந்த ருக்குமணி வாசல்ல போய் நின்னு நான் என்னன்னு கேக்கறது? அதுவும் இத்தனைக்கப்புறம்.

ஏஞ் சாமி, எதுக்கு எந்திரிக்கற? உக்காரு, பஸ்ஸு போயிட்டு இருக்குதில்ல. தம்பி, சித்தக் காலை மடக்குங்க, இவ தாண்டியே போயிருவா போல இருக்குது. பாமா! எங்க போற? கண்டக்டர்கிட்ட என்ன சொல்றா? பிரிவா? எல்லப்பாளையம் பிரிவு எறங்கணும்னா சொல்றா? இவளுக்கு எப்படி அடையாளம் தெரிஞ்சுது? யாரு சொல்லிக் குடுத்தது இதை?

அட கெரகமே, நிறுத்திட்டான். இரு கண்டக்டரு, பொறு, விசிலடிக்காதே, அது என்ற புள்ள. பாருங்க, படியில கம்பியப் புடிச்சு எறங்கறதை. எங்கூட வந்தா என்ற கையப் புடிக்காம ஒரு படி எறங்க மாட்டா. பாமா! நில்லு சாமி! ஜன்னல்ல பாருங்க தம்பி, திரும்பிப் பாக்கறாளா? பாக்கலையா? என்னை ஒருதரங்கூடத் திரும்பிப் பாக்கலையா?

அந்தப் பையை எடுத்துக் குடுங்க. நானும் எறங்கறேன். இருப்பா, வந்துட்டேன், வயசான ஆளு ஓடியா வர முடியும்?

ருக்குமணிகிட்டக் கேக்கத்தான் வேணும். வேற வழி? கையெழுத்துப் போடறேன்னு சொன்னா, ஏன் போடறான்னு நான் ரோசிச்சுப் பாப்பேன். அது என்ற வேலை, பாத்துக்குவேன். போட மாட்டேன்னு சொல்லிட்டா? "உங்க சோப்பும் வேண்டாம் பில்லும் வேண்டாம், போங்கண்ணா"ன்னு கதவைச் சாத்திட்டா? தம்பி, அவ மாட்டேன்னு சொல்லிட்டா நான் எப்படீங்க சாகறது?